கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள்: அமைதியான சாலை தேடி வருபவர்கள் செய்யும் தவறுகள்

தேனியிலிருந்து குமுளி வரை தென்மேற்காக நீளும் கம்பம் பள்ளத்தாக்கு ரோடு சைக்கிளுக்கு அருமையான இடம். நடுவில் முல்லைப் பெரியாறு, இருபுறமும் மலை, கரையெங்கும் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். தரைமட்டச் சாலைகள் கடல் மட்டத்திலிருந்து 300, 400 மீட்டர் உயரத்தில் ஏற்றம் தெரியாமல் ஓடுகின்றன. மலைப்பாதை ஒன்றைப் பிடித்தால் இன்னும் 1,000 மீட்டர் மேலே போய்விடலாம். அகல ரயில்பாதை 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் வந்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் வசதியாகிவிட்டது. ஆனால் இங்கே ஒரே சாலை காலை ஏழு மணிக்கு ஒரு மாதிரி, பத்து மணிக்கு வேறு மாதிரி. அதைக் கணக்கில் எடுக்காமல் வருகிறவர்கள்தான் ஜீப்புக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நெடுஞ்சாலையையே பிடித்துக்கொண்டு போவது

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போட்டால் கைப்பேசி வரைபடம் தேசிய நெடுஞ்சாலை 183-ஐத்தான் காட்டும். கேரளாவுக்குக் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிப்போகும் லாரிகளின் பாதை அது. வைக்கோல் லாரியின் பாரம் வண்டியின் அகலத்தைத் தாண்டிப் பிதுங்கி நிற்கும் என்பதால், ஓட்டுநர் இடம் விட்டதாக நினைத்தாலும் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போகும்.

மாற்று வழிகள் இருக்கின்றன. மேற்கு மலையடிவாரத்தில் போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் என்று ஒரு சாலை. ஆற்றோரம் வீரபாண்டி தாண்டி உப்புக்கோட்டை, குச்சனூர், மார்க்கையன்கோட்டை, சின்னமனூர் என்று ஒன்று. கிழக்கே உத்தமபாளையத்திலிருந்து அனுமந்தன்பட்டிப் பக்கம் போகாமல் ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று இன்னொன்று. தேனியில் தொடங்கி போடி, தேவாரம், உத்தமபாளையம், சின்னமனூர், குச்சனூர் வழியாகத் தேனிக்கே திரும்பினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். முதல் முறை வருகிறவர்களுக்கு இந்தச் சுற்றுதான் சரி. மலை ஏறியே ஆகவேண்டும் என்று முதல் நாளே போடிமெட்டில் போய் நிற்க வேண்டாம்.

வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் எல்லாம் தார்ச்சாலை என்றும் நினைக்காதீர்கள். 18-ஆம் கால்வாய்க் கரையும் பி.டி.ஆர். கால்வாய்க் கரையும் சில இடங்களில் அப்படித் தெரியும். போனால் சரளைக்கல்லும் மண்ணும்தான். 25 மி.மீ. டயர் அங்கே தாங்காது.

விடியலில் மலை ஏறுவது

அதிகாலையில் மலை ஏறினால் வெயிலும் இருக்காது, வண்டியும் இருக்காது என்பது பல ஊர்களில் சரி. இங்கே பாதிதான் சரி. கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிய ஜீப்புகள் காலை ஆறிலிருந்து எட்டரை வரை போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மூன்று பாதையிலும் வரிசையாக ஏறும். மாலை நாலு மணிக்கு மேல் அவை இறங்கும். ஆள் நிறைந்த ஜீப், நேரத்துக்குத் தோட்டம் சேரவேண்டிய அவசரம், குறுகிய வளைவு: இந்த மூன்றும் சேரும் நேரத்தில் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. விடியலில் பள்ளத்தாக்குத் தரையில் 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எட்டரைக்கு மேல் அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்குங்கள். வெயில் கொஞ்சம் உறைக்கும். ஆனாலும் ஜீப்புக்கு வெயில் எவ்வளவோ மேல். மதியம் மூன்றரைக்குள் கீழே வந்துவிட வேண்டும்.

நாளும் முக்கியம். சனி, ஞாயிறுகளில் மூணாறு போகும் கார்கள் போடிமெட்டுச் சாலையை நிறைக்கும். கார்த்திகையிலிருந்து தை முதல் வாரம் வரை சபரிமலை வண்டிகள் வரும். அந்த நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறி குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றுவதும் உண்டு. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் இரவு பகலாகக் கூட்டம். ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோவில் அதே கதை. ஆடியில் ஆற்றோரச் சாலைக்கு வருகிறவர்கள் வேறு கிழமை பாருங்கள்.

காற்றை மறந்து தூரத்தைக் கணக்கிடுவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து மலை இடைவெளி வழியாக வரும் காற்று பள்ளத்தாக்கில் குமுளியிலிருந்து தேனி நோக்கி அடிக்கும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறும். 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவருக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். காலையில் காற்றைத் தள்ளிக்கொண்டு கூடலூர் பக்கம் போய்விட்டு, பிற்பகலில் அதையே முதுகில் வாங்கித் திரும்ப வேண்டும். ஒருவழிப் பயணம் என்றால் மேலிருந்து தேனிக்கு வருவதுதான் புத்திசாலித்தனம்.

வயல் வேலைக் காலம் தெரியாமல் வருவது

குமுளி மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. முதல் போகத்துக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். நடவு சமயத்தில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறும் இடங்களில் சேறு ஒட்டிக் கிடக்கும். ஈரமாக இருந்தால் வளைவில் முன்சக்கரம் வழுக்கிவிடும். வண்டியைச் சாய்க்காமல், பிரேக் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும்.

அறுவடையில் இதே சாலைகள் களமாகிவிடும். பாதிச் சாலைக்கு நெல் காயும், அதன் ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். நெல்மேல் ஏற்றுவது உழைத்தவருக்கு மரியாதையும் அல்ல, ஓட்டுகிறவருக்குப் பாதுகாப்பும் அல்ல. மணிகள் டயருக்கடியில் உருளும். வைக்கோல் இன்னும் மோசம். ஒரு நீளத் தாள் பின்பல்சக்கரத்துக்கும் ஆரங்களுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டால், அடுத்த மிதியில் டிரெயிலியரை (பின்னால் கியர் மாற்றும் கருவியை) இழுத்துச் சக்கரத்துக்குள் தள்ளிவிடும். அதைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கல் (ஹேங்கர்) வளைந்தால் அன்றைய பயணம் முடிந்தது. சரசரவென்று சத்தம் கேட்ட உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். பின்னோக்கியும் மிதிக்காமல் இறங்கிக் கையால் உருவி எடுங்கள்.

சமவெளி கியரோடு மெட்டு ஏறுவது

போடி அருகே முந்தலில் தொடங்கும் போடிமெட்டு மலைப்பாதை சுமார் 20 கிலோமீட்டர். சராசரி ஏற்றம் 5 சதவீதம். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறுவது இதைவிடக் குறுகியது, செங்குத்தானது. முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது மணிக்கு 8 கி.மீ. வேகம் வரும். இது பலராலும் தாங்கக்கூடிய வேகம். பழைய ரேஸ் சைக்கிளில் 39-க்கு 25 பல்தான் இருக்கும். அதே 60 சுற்றுக்கு மணிக்கு 12 கி.மீ. போகவேண்டும்; முடியாமல் 8-க்கு இறங்கினால் சுற்று 40 ஆகி, பாரம் முழுவதும் முட்டியில் விழும். பத்தாவது கிலோமீட்டரில் முட்டி வலிப்பது பயிற்சிக் குறைவாலேயே என்று நினைக்க வேண்டாம், பின்பல்சக்கரத்தை மாற்றிப் பாருங்கள்.

8 கி.மீ. வேகத்தில் 20 கிலோமீட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். 750 மி.லி. பாட்டில் இரண்டு, முந்தலிலேயே நிரப்பியிருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். கலந்தால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை 750 மி.லி. பாட்டிலில் கொட்டுகிறவர்கள் உண்டு; அது தாகத்தைக் கூட்டும்.

பிரேக்கை அழுத்தியபடியே இறங்குவது

தவறுகளில் ஆபத்தானது இது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று பிரேக்கை விடாமல் பிடித்தால் அத்தனை வெப்பமும் ரிம்மிலோ டிஸ்கிலோதான் சேரும். ரிம் பிரேக் என்றால் டியூப் வெடிக்கலாம், கார்பன் ரிம் பிளந்துபோகலாம். டிஸ்கில் பேட் கண்ணாடிபோல் வழுவழுத்துப் பிடிப்பை இழக்கும்.

நேர்பாதையில் பிரேக்கை விட்டுவிடுங்கள். வேகத்தின் ஒரு பங்கைக் காற்றே தின்னும், பிரேக்கும் ஆறும். வளைவுக்கு 20, 30 மீட்டர் முன்பே இரண்டு பிரேக்கையும் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, கையை எடுத்துவிட்டு வளைவுக்குள் நுழையுங்கள். கீழிருந்து பேருந்து ஏறும் சத்தம் கேட்டால் கொண்டை ஊசி வளைவுக்கு மேலேயே இடதுபுறம் ஒதுங்கி நில்லுங்கள். நீளமான வண்டிக்குத் திரும்ப முழுச் சாலையும் தேவை.

கிளம்புவதற்கு முதல் நாள் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். குறுக்குப் பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்ற வேண்டும். பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள். மேலே கீழேயைவிட ஆறு, ஏழு டிகிரி குளிராக இருக்கும். வியர்த்த உடம்போடு இறங்கினால் விரல் விறைத்துப் பிரேக் பிடி தளரும். மெல்லிய காற்றுச்சட்டை ஒன்று போதும்.

முள்ளும் வால்வும்

சாலையோரம் சீமைக்கருவேலம் வெட்டிய இடத்தில் முள் சிதறிக் கிடக்கும். ஓரத்து வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே ஓட்டுங்கள். டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தை ஒரு பஞ்சுத் துணுக்கால் முழுச் சுற்றும் தடவினால் முறிந்து நிற்கும் முனையில் பஞ்சு மாட்டும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி பங்க்சர். 28 மி.மீ. டயருக்கு, 75 கிலோ ஆளுக்கு, முன்னால் 65-70, பின்னால் 70-75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும்.

கிராமத்துப் பங்க்சர் கடைகளில் மோட்டார் சைக்கிள் வால்வுக்கான குழாய்தான் இருக்கும். உங்களுடையது மெல்லிய தண்டுள்ள பிரெஸ்டா வால்வு என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மழையும் காடும்

கீழே காய்ந்து கிடக்கிறது என்பதற்காக மேலேயும் மழை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் பள்ளத்தாக்கு மழைமறைவு, மெட்டிலோ சாரலும் மூடுபனியும். அக்டோபர், நவம்பரில் போடிமெட்டு, குமுளிப் பாதைகளில் பாறை உருண்டு போக்குவரத்து நிற்பது வழக்கம். முந்தின இரவு கனமழை பெய்திருந்தால் அன்று மலை வேண்டாம், தேவாரம் சாலை இருக்கிறது.

சின்னமனூரிலிருந்து ஏறும் மேகமலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிள்காரர்கள் பலருடைய ஆசைப் பட்டியலில் இருக்கும் பாதை. ஆனால் அது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகப் பகுதி. யானையும் காட்டுமாடும் சாலையைக் கடக்கும், சைக்கிள் சத்தமில்லாமல் போய் அவற்றின் எதிரில் நிற்கும். அடிவாரத்தில் தென்பழனி சோதனைச் சாவடி வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாமல், வனத்துறையிடம் முன்கூட்டியே சைக்கிளுக்கு அனுமதி உண்டா, எந்த நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுருளி அருவிப் பக்கமும் யானை நடமாட்டத்தாலோ வெள்ளத்தாலோ திடீரென்று மூடுவார்கள். சுருளிப்பட்டியில் யாரிடமாவது விசாரித்துவிட்டு மேலே போகலாம்.