டிரம் கோருடன் வெளிமாநிலப் போட்டிக்கு: முதல்முறை வாலண்டியராகப் போகும் பெற்றோருக்கு

மகள் பேஸ் டிரம் வாசிக்கும் டிரம் கோருடன், அதாவது பித்தளை வாத்தியங்களும் டிரம்களும் வாசித்தபடி மைதானத்தில் அணிவகுக்கும் இளைஞர் குழுவுடன், சான் அன்டோனியோவிலிருந்து அட்லாண்டா வரை வாலண்டியராகப் போய்வந்தேன். போவதற்கு முன் நான் யாரிடமெல்லாமோ கேட்டுத் திரட்டியதையும், போன பிறகு தெரிந்துகொண்டதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இக்குழுக்களின் கோடைப் போட்டிகளை நடத்தும் அமைப்பு டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல், அதாவது டி.சி.ஐ. அதைப் பற்றி இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. பிள்ளை ஆடிஷனில் தேறிவிட்டது, கட்டணமும் கட்டியாகிவிட்டது, "நீங்களும் சில நாட்கள் கூட வர முடியுமா?" என்று கோரிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். லீவு கிடைக்குமானால் கட்டாயம் போங்கள். 150 பேருக்கு மேல் பிள்ளைகள் கோடை முழுவதும் பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து, வெயிலில் நின்று, பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றை நாள்தோறும் இழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போட எத்தனை கை இருந்தாலும் பற்றாது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோர் பெரும்பாலும் இரவில்தான் பயணம் செய்யும். போட்டி முடிந்ததும் பஸ் ஏறி, விடிவதற்குள் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறங்கி, சில மணி நேரம் தூங்கி எழுந்து, அங்கேயே பயிற்சி. மாலையில் மறுபடி போட்டி. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

1. காகித வேலை

பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால் பின்னணிச் சோதனை இல்லாமல் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். பெரும்பாலும் ஆன்லைனில் ஒரு பாதுகாப்புப் பயிற்சியும் இருக்கும். மே மாதமே முடித்துவிடுங்கள். ஜூலையில் கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும். இன்சூரன்ஸ் அட்டை, உங்கள் மருந்துகளின் பட்டியல், விசாவில் இருப்பவர்கள் என்றால் அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94இன் நகல், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

2. மூட்டை கட்டுவது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். புதிதாக வருபவர்கள் திணறுவது இங்கேதான்.

கோர் அனுப்பும் பட்டியலில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று இருக்கும். எதை எந்தப் பையில் வைப்பது என்று இருக்காது. அதிகாலை நான்கு மணிக்கு, பஸ்ஸிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, விளக்கணைத்த ஜிம்முக்குள் நுழைகிறீர்கள். சுற்றிலும் பிள்ளைகள் படுக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே சூட்கேஸைத் திறந்து, ஜிப்பை இழுத்து, துணிக்கு அடியில் போர்வையைத் தேட முடியாது. அதனால் பொருட்களை எடுக்கும் வரிசைப்படி பிரியுங்கள்.

முதலாவது, படுக்கைப் பை. பாய், விரிப்பு, போர்வை, இரவு உடை, காதடைப்பான், சின்ன டார்ச். இவற்றைத் தவிர வேறு எதையும் அதில் போடாதீர்கள். பஸ்ஸின் வயிற்றுக்குள் இது கடைசியாகப் போக வேண்டும், அப்போதுதான் முதலில் கையில் கிடைக்கும். இரண்டாவது, இருக்கைப் பை. பல் துலக்கும் பிரஷ், மருந்து, சார்ஜர், மறுநாளைக்கு ஒரு மாற்றுடை, மெல்லிய ஸ்வெட்டர். பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த ஊர் வரும்வரை இது ஒன்றுதான் உங்களுக்கு உடைமை. மற்றதெல்லாம் மூன்றாவது பையில்.

அந்த மூன்றாவது பை சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியாக வேண்டாம். துணியாலான டஃபல் பை இருக்கிற இடத்தில் மடங்கி உட்காரும். கறுப்பு நிறத்தைத் தவிர எதுவும் வாங்கலாம். கறுப்புதான் வீட்டில் இருக்கிறது என்றால் கைப்பிடியில் பளிச்சென்ற டேப் சுற்றி, பெயரைப் பெரிதாக எழுதுங்கள்.

படுக்கைக்கு என் சிபாரிசு, தானாக உப்பும் கேம்பிங் பாய். நிறையப் பேர் ஏர் மேட்ரஸ் வாங்குகிறார்கள். வாங்கினால் ஒற்றை ஆள் அளவு போதும், பெரிதை விரிக்க அங்கே இடம் தர மாட்டார்கள். பம்ப் பிளக்கில் செருகுவதாக இருந்தால் சிரமம், ஜிம் சுவரில் பிளக் பாயின்ட் நாலைந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் பம்ப் போடும் சத்தமும் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு. இன்னொன்று, பள்ளிக்கூட ஏசி ராத்திரியில் பயங்கரமாகக் குளிரும். ஏர் மேட்ரஸுக்குள் இருக்கும் காற்றும் அந்தக் குளிரை வாங்கி முதுகில் ஏற்றும். அதன்மேல் கெட்டியான ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் நிம்மதி.

குளியலறை பற்றிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நாம் தங்கும் பள்ளிகளில் பலவற்றில் விளையாட்டுக்காரர்களின் உடைமாற்றும் அறையில்தான் ஷவர். சிலவற்றில் திரையே கிடையாது. ஊரில் ஆற்றிலும் கிணற்றடியிலும் பாவாடையை ஏற்றிக் கட்டிக் குளித்த பழக்கம் இங்கே அப்படியே உதவும். பழைய பாவாடை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் காயும் டவலும் கொடி கட்ட ஒரு கயிறும் சேர்த்து.

3. போட்டி முடிந்த ராத்திரி

ஈ.பி.எல். என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். ஈட், பேக், லோட். சாப்பிட்டு, கட்டி, ஏற்றிவிட்டுக் கிளம்பு என்பதற்கான சுருக்கம். ஒரு மணி நேரம் என்று அறிவித்தால் சரியாக ஒரு மணி நேரம்தான்.

இவ்வளவு கறாருக்குக் காரணம் டிரைவர்கள். அமெரிக்கச் சட்டப்படி பயணிகள் பஸ் ஓட்டுபவர் தொடர்ச்சியாக 8 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். பணி நேரம் மொத்தம் 15 மணி ஆகிவிட்டால் அதற்குமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. லாரி ஓட்டுபவருக்கு 10 மணி நேர ஓய்வுக்குப் பின் 11 மணி நேரம். நாம் வாகன நிறுத்தத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரமும் அவர் பணிக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது பிள்ளைகளின் தூக்கத்திலிருந்துதான் கழியும். பகலில் டிரைவர்கள் தூங்கும் அறைப் பக்கம் சத்தம் போடாமல் நடங்கள். 150 உயிர்கள் அவர்கள் கண்களை நம்பி இருக்கின்றன.

ஏற்றும்போது உதவப் போனால் பிள்ளைகள் உடம்பில் மாட்டி வாசிக்கும் ஸ்னேர், டெனர், பேஸ் டிரம்களைக் கேட்காமல் தொட வேண்டாம். அவற்றை எந்த வரிசையில் எந்த மூலையில் வைப்பது என்று பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மைதானத்தின் முன்வரிசையில் வைக்கும் மரிம்பா, வைப்ரபோன், டிம்பனி ஆகிய பெரிய தாள வாத்தியங்களுக்குத்தான் நம் கை தேவை. கீழேயுள்ள இரும்புச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளுங்கள், கட்டைகள் இருக்கும் மேல்பகுதியை அல்ல. டிரெய்லரின் சாய்தளத்தில் இறக்கும்போது பள்ளத்துப் பக்கம் தனி ஆளாக நிற்கவே கூடாது. மூடித் துணியைக் கடைசி நிமிடம்வரை எடுக்காதீர்கள். வெயிலில் பித்தளை வாத்தியங்களின் சுருதி ஏறும், வைப்ரபோனின் உலோகக் கட்டைகள் சூடானால் சுருதி சற்று இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் பிள்ளைகள் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் சேராது.

4. சமையல் லாரி

ஒரு நீளமான டிரெய்லருக்குள் முழுச் சமையலறை. பிள்ளைகள், பயிற்சியாளர்கள், டிரைவர்கள், நம்மைப் போன்றவர்கள் எல்லோருமாக 200 பேர் என்று வைத்தால், நாளைக்கு நான்கு வேளை, 800 தட்டு. நான்காவது வேளை போட்டி முடிந்த பின் நள்ளிரவை ஒட்டிக் கொடுப்பது.

மெனுவைச் சமையல் பொறுப்பாளர்தான் முடிவு செய்வார். நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது நம் வேலை. முன்பக்கம் மூடிய, வழுக்காத ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சைவப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். நான் கேட்டபோது ஒருநாள் எலுமிச்சைச் சாதம் செய்ய இடம் கொடுத்தார். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்ததால் கடலை போடவில்லை, கடுகும் கடலைப்பருப்பும் மட்டும் தாளித்தோம்.

டெக்சாஸ் ஜூலை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காலன், அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டர், பிடிக்கும் குடுவை வைத்திருக்கும். அவற்றை நிரப்பிக் கொடுப்பதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்யுங்கள். நமக்கும் தண்ணீர் வேண்டும், தொப்பி வேண்டும். பரிமாறும் மும்முரத்தில் வாலண்டியர்கள் மயங்கி விழுவதும் உண்டு.

5. அரங்கத்தில்

சான் அன்டோனியோவின் அலமோடோம், அட்லாண்டாவின் மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம் இரண்டும் கூரை உள்ளவை. வெளியே வேர்த்து ஊற்ற நின்றுவிட்டு உள்ளே போனால் ஏசி நடுக்கும். இருக்கைப் பையில் ஸ்வெட்டர் வைக்கச் சொன்னது இதற்குத்தான். இம்மாதிரி பெரிய அரங்குகளில் உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிக்கிறார்கள், 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள். கையில் கட்டும் அனுமதிப் பட்டையைக் கழற்றாதீர்கள், அதில்லாமல் மைதான வாசலைத் தாண்ட முடியாது.

நேரம் இருந்தால் வாகன நிறுத்தத்தில் டிரம் வரிசை வார்ம்-அப் செய்வதைப் போய்ப் பாருங்கள். அரங்கின் எதிரொலி எதுவும் இல்லாமல், ஐந்து பேஸ் டிரம்கள் ஒரே ஓட்டத்தை ஆளுக்கொரு அடியாகப் பகிர்ந்து வாசிப்பதை மூன்றடி தூரத்தில் நின்று கேட்கலாம்.

மதிப்பெண் மொத்தம் 100. பொதுத் தாக்கத்துக்கு, அதாவது நிகழ்ச்சி மொத்தமாகப் பார்ப்பவர்மேல் ஏற்படுத்தும் விளைவுக்கு, 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. தாள வாத்தியம் அந்த இசைக் கணக்குக்குள் வருகிறது. அன்றைய மதிப்பெண்ணைப் பற்றி பஸ்ஸில் பிள்ளையிடம் பேசவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சியாளர்கள் பேசுவார்கள், அது அவர்கள் வேலை. "சாப்பிட்டியா, தண்ணி குடிச்சியா" போதும்.

பின்சேர்க்கை 1: முறுக்கு, கடலை மிட்டாய் கொடுத்தனுப்பலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கடலை, முந்திரி கலந்த எதுவும் வேண்டாம். பஸ்ஸில் ஐம்பது பேர் நெருக்கமாக உட்கார்ந்து கைமாற்றிச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் செய்ததைப் பொதுவாகப் பகிர விடமாட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டும் என்றால் கடலை எண்ணெயில் பொரிக்காத முறுக்கைப் பெயர் எழுதிய டப்பாவில் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: "அக்கா, நான் டெக்சாஸிலிருந்து காரில் பின்தொடர்ந்து வரலாமா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வரலாம், ஆனால் கோர் பஸ்களின் பின்னாலேயே இரவெல்லாம் ஓட்டாதீர்கள். பஸ்ஸில் ஓய்வெடுத்த டிரைவர் இருக்கிறார், உங்கள் காரில் இல்லை. காலையில் கிளம்பி நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருங்கள். ஜார்ஜியாவும் இண்டியானாபொலிஸும் கிழக்கு நேரம், டெக்சாஸைவிட ஒரு மணி முன்னால்.

பின்சேர்க்கை 3: ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு எந்த நாள் வருவது என்றால், முடிந்தால் வியாழனே வந்துவிடுங்கள். வியாழன் முதல்கட்டம், வெள்ளி அரையிறுதி, சனி முதல் 12 கோர்களுக்கான இறுதி. சனிக்கிழமைக்கு மட்டும் டிக்கெட் வாங்கி வைத்தால் உங்கள் பிள்ளையின் கோர் அன்று களமிறங்கும் என்பதற்கு உறுதி கிடையாது. அரங்கத்துக்கு நடந்து போகும் தூரத்து ஹோட்டல்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து இப்போதே போட்டு வையுங்கள்.