கிறிஸ்துமஸ் பாடல்களின் கதை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் வந்துவிட்டால் பாடல்களோடு அவை பிறந்த கதைகளும் கிளம்பிவிடும். நிகழ்ச்சிக்குத் தொகுப்புரை எழுதுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கதை உருக்கமாக இருந்தால் சரிபார்க்கவே தோன்றுவதில்லை.

'சைலண்ட் நைட்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்து ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது, கிறிஸ்துமஸ் ராத்திரி இசைக்கு வழியில்லை, பாதிரியார் அவசர அவசரமாக ஒரு பாட்டு எழுதினார் என்பார்கள். ஆனால் பாதிரியார் யோசப் மோர் அந்தக் கவிதையை எழுதியது 1816-இல். 1995-இல் வெளிப்பட்ட அவருடைய கையெழுத்துப் பிரதியே அந்த ஆண்டைச் சொல்கிறது. மெட்டுதான் அவசரத்தில் பிறந்தது. 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்திலுள்ள ஓபெர்ன்டோர்ஃபில், பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் சேவர் குரூபர் அதைப் போட்டார். அன்றிரவே இருவரும் கிதாரோடு பாடியும்விட்டார்கள். பாட்டு பரவியபின் மெட்டு புகழ்பெற்ற இசையமைப்பாளர் மைக்கேல் ஹைடனுடையதா என்று பெர்லினிலிருந்து விசாரணை வர, 1854-இல் குரூபர் நடந்ததை எழுதி வைத்தார். அதில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை.

அடுத்த தவறு, பாட்டுக்கு ஒரே ஒருவரைச் சொந்தக்காரர் ஆக்குவது. பழைய பாடல்களில் வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, இரண்டையும் சேர்த்தவர் மூன்றாமவர் என்பது சாதாரணம். 'ஹார்க் த ஹெரால்ட்' பாடலை 1739-இல் வெளியிட்டவர் சார்ல்ஸ் வெஸ்லி. நாம் பாடும் முதல் வரி அவருடையது அல்ல, போதகர் ஜார்ஜ் வொயிட்ஃபீல்ட் 1753-இல் மாற்றியது. மெட்டு, அச்சுக்கலை விழாவுக்காக 1840-இல் இசையமைப்பாளர் மெண்டல்சன் ஜெர்மனியின் லைப்சிக்கில் அமைத்த இசையிலிருந்து வந்தது. பக்தி வரிகளுக்கு இந்த மெட்டு பொருந்தாது என்று அவரே கருதினார் என்பதுதான் வேடிக்கை. 1855-இல் வில்லியம் கம்மிங்ஸ் இரண்டையும் இணைத்தபோது வெஸ்லியும் உயிரோடு இல்லை, மெண்டல்சனும் இல்லை.

பெரிய பெயர்மீது ஆசையும் ஆகாது. 'அவே இன் எ மேஞ்சர்' ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் தன் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு என்பதற்கு ஆதாரம் இல்லை. அது 1880-களில் அமெரிக்காவில் அச்சேறிய பாட்டு.

அப்புறம் 'ஜிங்கிள் பெல்ஸ்'. இதில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே வராது. ஜேம்ஸ் பியர்பாண்ட் எழுதிய பனிச்சறுக்கு வண்டிப் பாட்டு இது; 1857-இல் பாஸ்டனில் வேறு தலைப்பில் வெளிவந்தது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுவார்கள்: ஞாயிறு பள்ளியில், அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலல் நாளுக்காக (தேங்க்ஸ்கிவிங்) எழுதியதாம். அதற்கும் சான்று கிடையாது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பாஸ்டன் மேடையொன்றில், வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு பூசி நடித்த கேலி நிகழ்ச்சியில், அது பாடப்பட்டிருக்கிறது.

'கேரல் ஆஃப் த பெல்ஸ்' பாடலும் முதலில் கிறிஸ்துமஸ் பாட்டு இல்லை. உக்ரைனின் நாட்டுப்புற மெட்டு ஒன்றை மைக்கோலா லியோன்டோவிச் சேர்ந்திசையாக அமைத்தார். 1916-இல் கீவ் நகரில் அரங்கேறியது. அங்கே அது புத்தாண்டு வாழ்த்து. வரிகளில் ஒரு தகைவிலான் குருவி பறந்து வந்து வீட்டுக்காரரை அழைக்கும். மணி வந்ததெல்லாம் 1936-இன் ஆங்கில வரிகளில்தான்.

கடைசியாக, 'ட்வெல்வ் டேஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' (கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாள்) பாடலில் ரகசியம் தேடாதீர்கள். இங்கிலாந்தில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர்கள் தங்கள் நம்பிக்கையை அதில் சங்கேதமாக ஒளித்து வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஒளித்ததாகச் சொல்லப்படும் நான்கு நற்செய்திகள், பத்துக் கட்டளைகள் எல்லாம் இங்கிலாந்தின் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் சபைக்கும் பொதுவானவை. பிறகு யாரிடமிருந்து ஒளிப்பது? சுமார் 1780-இல் லண்டனில் வந்த சிறுவர் புத்தகம் ஒன்றில் இது அச்சாகியிருக்கிறது, வரி மறந்தவர் தோற்றார் என்கிற விளையாட்டுப் பாட்டுதான். அந்தப் பன்னிரண்டு நாள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவதும் அல்ல. டிசம்பர் 25-இல் தொடங்கி ஜனவரி 5 வரை.