படம் முடிந்த பிறகு வந்த ஸ்டில் ஞாபகம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பதினெட்டு நாளில் படம் எடுத்தோம். விளம்பர வேலை என் தலையில் விழுந்தபோது எடிட்டிங்கே முடிந்திருந்தது. ஒரு திரைப்பட விழாவிலிருந்து ஐந்து ஸ்டில், அதாவது விளம்பரத்துக்கான புகைப்படம், கேட்டார்கள். எங்களிடம் ஒன்றுகூட இல்லை. சம்பளம் மிச்சம் என்று ஸ்டில்ஸ் ஆளே வைக்கவில்லை. சரி, படத்திலிருந்தே எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், நாற்றுமுடியை வீசும் அம்மாவின் கை தெளிவாக இருக்கும் இடத்தில் முகம் கலங்கியிருக்கிறது. முகம் தெளிவாக இருந்தால் கண் மூடியிருக்கிறது. வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்போது அசைவு கொஞ்சம் இழுபட்டால்தான் திரையில் இயல்பாகத் தெரியும். அதையே நிறுத்திப் பார்த்தால் கலங்கல்தான். எங்களைப்போல் சின்னப் படம் எடுக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஸ்டில்ஸுக்குத் தினமும் ஆள் வேண்டாம். முக்கியமான நான்கு காட்சி எடுக்கும் நாட்களில் ஒருவரை நிறுத்தி, டேக் முடிந்ததும் நடிகரை அங்கேயே நிற்கவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தப்பு அவசரப்படுவது. "நம்ம ஜனங்க முதல்ல பாக்கட்டுமே" என்று முழுப்படத்தையும் யூடியூபில் போட்டுவிட்டு விழாக்களுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்பவை. பொதுவில் போட்டால் அந்தக் கதவு சாத்தியதுதான். ஊர் எங்கே ஓடிவிடப் போகிறது?

விருது வந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். 'கூழாங்கல்' படம் 2021-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் போனது. ஓடிடிக்கு வர 2023 அக்டோபர் ஆனது. அதற்கே அவ்வளவு இடைவெளி என்றால், கட்டணம் கட்டி வாங்கிய பெயர் தெரியாத விருதுகள் எந்த மூலைக்கு? விழாக்களில் தேர்வானதையும் விருதையும் காட்டப் போடும் இலைச் சின்னம் எங்கள் போஸ்டரில் பதினொன்று வைத்திருந்தோம். கும்பகோணத்தில் டீக்கடை அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நாட்டு மருந்து விளம்பரமா?" என்றார். அன்றே ஒன்பதைத் தூக்கினோம்.

தியேட்டரில் ஓட்டும் டிரெய்லருக்குத் தனியாகத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். படத்துக்கு வாங்கியது அதற்குச் செல்லாது. ரிலீஸுக்கு முந்தைய வாரம் இது தெரிந்து ஓடாதீர்கள். டிரெய்லரில் டீக்கடை ரேடியோவின் பழைய பாட்டு கேட்டால் யூடியூபில் உரிமைக்காரர் வந்து நிற்பார். அதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

தேதி விஷயத்தில்தான் டெல்டாக்காரர்களான நாங்களே கோட்டைவிட்டோம். விவசாயியைப் பற்றிய படத்தைப் பொங்கலை ஒட்டிப் போட்டோம். பெரிய படங்களோடு மோதல் ஒருபக்கம் இருக்கட்டும். அது சம்பா அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, பனியில் தார்ப்பாய் போர்த்திக் காவல் கிடக்கிறவர் இரவுக் காட்சிக்கு எப்படி வருவார்? மாசி கடைசியில் மறுபடி போட்டோம்.

அப்போதும் மைக் ஆட்டோவில் "சர்வதேச விருது பெற்ற திரைப்படம்" என்றுதான் முதல் நாள் கத்தினோம். கடைத்தெருவில் ஒருவரும் திரும்பவில்லை. ஓட்டுநரே வெறுத்துப்போய் மைக்கை வாங்கி, "நம்ம கீழத்தெரு அத்தை நடிச்ச படம், நம்ம வாய்க்கா, நம்ம களத்துல எடுத்தது" என்று ஆரம்பித்தார். மறுநாள் மாலைக் காட்சிக்கு அத்தையின் சம்பந்தி வீட்டார் மட்டும் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள்.