கன்சோல் கிடைக்கவில்லையா? எம்ஆர்பி விலைக்கே வாங்குவது எப்படி

சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2ஆம் தேதி. டிஸ்க் போட்டு விளையாடும் மாடலின் விலை அப்போது 49,990 ரூபாயாக இருந்தது. ஜனவரியில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே எல்லாம் தீர்ந்துபோனது. கடலூரில் இருந்து பஸ் ஏறி, புதுச்சேரி நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் தம்பியோடு அலைந்தேன். ஒரே ஒரு கடையில், "இருக்கு சார், எழுபதாயிரம் ஆகும்" என்றார்கள். தம்பியின் முகத்தைப் பார்த்தால் கொடுத்துவிடலாம் போல இருந்தது. கொடுக்காமல் திரும்பினோம். சில மாதம் கழித்து எம்ஆர்பிக்கே கிடைத்தது. அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: அவசரத்தைத் தள்ளி வையுங்கள். இந்த கன்சோலின் முக்கிய சிப்பை வடிவமைப்பது ஏஎம்டி நிறுவனம், தயாரிப்பது தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம். போன், கம்ப்யூட்டர் சிப்புகளும் அங்கேதான் வரிசையில் நிற்கின்றன. கொரோனா காலத்தில் அந்த வரிசை நீண்டது. வந்த கொஞ்சத்தையும் சிலர் மென்பொருள் வைத்து நொடியில் அள்ளி பிளாக்கில் விற்றார்கள். வரத்து சீரானதும் பிளாக் விலை தானாக இறங்கிவிடும். காத்திருப்பவருக்கு நஷ்டமில்லை.

இரண்டாவது படி: விற்பனை நாளுக்கு முந்தைய இரவே தயாராகுங்கள். உங்கள் பின்கோடுக்கு டெலிவரி உண்டா என்று பாருங்கள். கடலூர் 607001 போட்டால் இல்லை என்று வந்து, புதுச்சேரி 605001 போட்டால் கிடைக்கலாம். அங்கே சொந்தக்காரர் இருந்தால் அவரைக் கேட்டு அவர் முகவரியையும் சேமித்து வையுங்கள். கார்டு விவரம், வங்கியின் தினசரி வரம்பு, ஓடிபி வரும் போனின் சிக்னல், எல்லாம் முன்பே சரிபார்க்க வேண்டியவை. பெரும்பாலோர் கோட்டை விடுவது பணம் கட்டும் பக்கத்தில்தான்.

அப்புறம், பக்கத்துக் கடைகளில் பெயரையும் நம்பரையும் கொடுத்து வையுங்கள். யாராவது கேன்சல் செய்தால் முதலில் உங்களைக் கூப்பிடுவார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

மூன்றாவது படி, இதில் மட்டும் நிதானம் தேவை: பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எம்ஆர்பியும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் அச்சாகி இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெளிநாட்டில் இருந்து தனியாகக் கொண்டுவந்த சரக்கு. இங்கே வாரண்டி கேட்டால் சிக்கல்தான்.

எம்ஆர்பிக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. "பில் எம்ஆர்பிக்கு, மீதி கையில் கொடுங்க" என்றால் சம்மதிக்காதீர்கள். அந்த மீதிக்கு ஆதாரமே இருக்காது. கடைக்காரர் கூடுதல் பணம் வாங்கிவிட்டால், கொடுத்த தொகைக்கான ஆதாரத்தோடு 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம்.

ஆன்லைனில் முகம் தெரியாதவரிடம் வாங்குவதானால் அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள். நேரில் போய், டிவியில் மாட்டி, ஒரு கேம் ஓடுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.