ரைபிள் கேஸுக்கு எந்த ட்ரிம்மர் வாங்குவது? முதலில் அது கேஸை எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள்

சுட்ட தோட்டாவின் பித்தளை கேஸை மறுபடி நிரப்பும் ரீலோடிங்கை வீட்டில் ஆரம்பிக்கிறவர்கள் பிரஸ் (கேஸை அழுத்தும் கருவி), டை (அதை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு வரைக்கும் சரியாக வாங்கிவிடுகிறார்கள். ட்ரிம்மர் என்று வந்தவுடன் குழப்பம் வந்துவிடுகிறது. இருபது டாலருக்குள்ளும் ஒன்று கிடைக்கிறது, பல நூறு டாலருக்கும் ஒன்று கிடைக்கிறது. இரண்டுமே பித்தளை கேஸின் வாயை ஓர் அளவுக்குச் சீவிக் கொடுக்கும் கருவிகள்தான். அப்புறம் எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம்? டெக்சஸில் போல்ட் ரைபிளின் .308 தோட்டாவுக்கும் ஏஆர்-15 என்ற செமி ஆட்டோ ரைபிளின் .223 தோட்டாவுக்கும் சேர்த்து ஒரே கராஜ் மேஜையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் சட்டம் பற்றி ஒரு வரி. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை, விற்பதற்குச் செய்தால் தேவை. மாநில விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவே லைசென்ஸ் வேண்டும். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிரைமரை (கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை) தட்டி எடுப்பது, கேஸைக் கழுவுவது, டை அமைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வெடிமருந்து அளவுக்கு ரீலோடிங் மேனுவல் இருக்கிறது. இங்கே நீளம் மட்டும்.

கேஸ் ஏன் நீள்கிறது

சுடும்போது பித்தளை விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரை ஒட்டுகிறது. பழைய அளவுக்குக் கொண்டுவரத் திரும்ப அதை சைசிங் டைக்குள் அழுத்தும்போது, பக்கவாட்டில் இடமில்லாத பித்தளை முன்பக்கமாக, குண்டைப் பிடிக்கும் குறுகிய கழுத்தை நோக்கி நகர்கிறது. கேஸை டையிலிருந்து வெளியே இழுக்கும்போது, கழுத்தை விரிக்க உள்ளே இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையும் கழுத்தைக் கொஞ்சம் இழுத்துவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நீளம் கூடுகிறது.

கூடினால் என்ன? சேம்பரில் கழுத்துக்கென்று இருக்கும் இடம் ஓர் அளவோடு முடிந்துவிடும். கேஸ் அதற்கு மேல் நீண்டால் வாய் அந்த முனையில் போய் முட்டும். வாய் உள்நோக்கி நெருக்கப்பட்டுக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுடும்போது குண்டை விடுவிக்கக் கழுத்துக்கு விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். ட்ரிம் செய்வது அழகுக்காக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துல்லியம் இரண்டாவது விஷயம், பாதுகாப்புதான் முதலாவது.

படி 1: சைஸ் செய்த பிறகு அளங்கள்

இந்த வரிசை மாறவே கூடாது. சுட்ட கேஸை அப்படியே வெர்னியரில் வைத்து அளந்து, "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று விட்டுவிட்டால், டைக்குள் போய் வந்த பிறகு அதே கேஸ் அளவைத் தாண்டி நிற்கலாம். சைசிங், பிறகு லூப்ரிகண்ட்டைத் துடைப்பது, அதன் பிறகு அளப்பது.

அமெரிக்காவில் இந்த அளவுகளை நிர்ணயிப்பது 1926 முதல் இயங்கிவரும் எஸ்ஏஏஎம்ஐ என்ற துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்கள் அமைப்பு. மேனுவலில் இரண்டு எண்கள் இருக்கும்: தாண்டக் கூடாத அதிகபட்ச நீளம், வெட்டி நிறுத்த வேண்டிய நீளம். .223 ரெமிங்டனுக்கு அதிகபட்சம் 1.760 அங்குலம், வெட்ட வேண்டியது 1.750. .308 வின்செஸ்டருக்கு 2.015, 2.005. 6.5 கிரீட்மூருக்கு 1.920, 1.910. .30-06க்கு 2.494, 2.484. இடைவெளி எல்லாவற்றிலும் 0.010 அங்குலம்தான், அதாவது கால் மில்லிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலால் இது ஆகாது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் ஆறு அங்குல வெர்னியர் ஒன்று வேண்டும். டிஜிட்டலோ டயலோ எதுவானாலும் சரி. ட்ரிம்மருக்கு ஒதுக்கிய பணத்தில் குறைத்தாவது இதை நல்லதாக வாங்குங்கள்.

எல்லா கேஸையும் ஒவ்வொரு முறையும் ட்ரிம் செய்ய வேண்டுமா என்றால், அதிகபட்சத்தைத் தாண்டியதை மட்டும் செய்தாலும் பாதுகாப்புக்குப் போதும். எனக்கு ஒரு பெட்டியில் இருப்பதெல்லாம் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், அதனால் மொத்தமாகச் செய்துவிடுகிறேன். கிரிம்ப் போடுகிறவர்களுக்கு, அதாவது கேஸ் வாயைக் குண்டின் மேல் மடக்கி இறுக்குகிறவர்களுக்கு, இது கட்டாயம். .30-30 லீவர் ரைபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், குண்டு உள்ளே தள்ளப்படாமல் இருக்கக் கிரிம்ப் வேண்டும். கேஸ்கள் வேறு வேறு நீளத்தில் இருந்தால் ஒன்றில் கிரிம்ப் இறுகும், இன்னொன்றில் விழவே விழாது.

படி 2: கருவி எதை ஆதாரமாக வைத்து அளக்கிறது?

விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எந்த ட்ரிம்மரானாலும் கேஸின் ஏதோ ஓரிடத்தை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இவ்வளவு தூரத்தில் வாயை வெட்டுகிறது. அந்த ஆதாரம் கேஸின் அடியாக இருக்கலாம், உடல் கழுத்தாகக் குறுகும் சரிவான தோளாக இருக்கலாம். நல்லது கெட்டது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அடியைப் பிடிக்கும் வகையில் மிக எளியது லீ நிறுவனத்தின் கேஜ்-கட்டர் ஜோடி. கட்டரின் நடுவில் ஓர் ஊசி. அது கேஸுக்குள் போய், அடியில் இருக்கும் பிளாஷ் ஹோல் என்ற சின்னத் துளை வழியாக வெளியே வந்து, கேஸைப் பிடித்திருக்கும் ஸ்டட்டின் அடியில் முட்டும். முட்டியதும் வெட்டு தானாக நின்றுவிடும். நீளத்தை முடிவு செய்வது அந்த ஊசிதான், நீங்கள் அமைக்க எதுவுமே இல்லை. ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் தனி கேஜ் வாங்க வேண்டும், அதுவும் சில டாலர்தான். ஸ்டட்டை டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் வேகமும் வந்துவிடும். புதிதாக ஆரம்பிப்பவர், ஒன்றிரண்டு வகை, ஒரு தடவைக்கு ஐம்பது கேஸ் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் இதை வாங்குங்கள் என்பேன்.

அடுத்து, கைப்பிடி சுற்றும் சின்ன லேத் மாதிரியானவை: ஃபார்ஸ்டர், லைமன், ஆர்சிபிஎஸ், ரெடிங், வில்சன். பெரும்பாலானவற்றில் கேஸின் ரிம்மை (அடி விளிம்பை) ஒரு காலெட் (இறுகிப் பிடிக்கும் கவ்வி) அல்லது ஹோல்டர் பிடிக்கும், முன்பக்கம் பைலட் என்ற ஒரு சின்னத் தண்டு கழுத்துக்குள் நுழைந்து நேராக நிறுத்தும். பைலட் கழுத்துக்குள் லேசாகச் சுழல வேண்டும். இறுக்கமாக இருந்தால் பித்தளை பைலட்டிலேயே அப்பிக்கொள்ளும். வில்சன் மட்டும் வேறு வழியில் போகிறது. கேஸ் முழுவதும் ஒரு ஹோல்டருக்குள் செருகிக்கொள்ளும், பைலட் கிடையாது. வெட்டு அத்தனை நேராக, கோணல் இல்லாமல் வரும். துல்லியப் போட்டிக்குச் சுடுகிறவர்கள் பலர் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்த வகைத் தோட்டாவுக்கும் ஒரே கருவி போதும் என்பது இந்த லேத் ரகங்களின் பலம். நூறு கேஸுக்கு மேல் போனால் மணிக்கட்டு வலிக்கும் என்பது பலவீனம்.

மூன்றாவது ரகம் தோளைப் பிடிப்பது. லிட்டில் க்ரோ நிறுவனத்தின் டிரில்லில் மாட்டும் ட்ரிம்மர், ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனலின் மேஜை மெஷின், ஜிராட் எல்லாம் இந்தக் கூட்டம். கேஸைக் கையில் பிடித்து உள்ளே தள்ள வேண்டியதுதான். தோள் போய் முட்டும்வரை பிளேடு சீவும், அப்புறம் சத்தம் மாறும், எடுத்துவிடலாம். ரிம்மைப் பூட்டுவதும் அவிழ்ப்பதும் கிடையாது. ஜிராட் ஒரே தள்ளலில் வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு நீக்கியும் கொடுத்துவிடும். ஏஆர்-15 வைத்துக்கொண்டு .223ஐ நூற்றுக்கணக்கில் தயார் செய்கிறவர்கள் இந்த ரகத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். நானும் .223க்கு டிரில்லில் மாட்டும் ரகத்தைத்தான் வைத்திருக்கிறேன். ஜிராட் அருமையான மெஷின், ஆனால் ஆயிரக்கணக்கில் கேஸ் குவியாத வீட்டில் அந்தப் பணத்தை நல்ல பித்தளைக்குச் செலவழிக்கலாம். .45-70 போன்ற தோளே இல்லாத நேர் கேஸுக்கு இந்த வகை உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரஸ்ஸின் மேலேயே மோட்டாரோடு உட்கார்ந்து, சைஸ் செய்யும்போதே வெட்டிவிடும் டில்லன் ரகமும் உண்டு. ஆரம்பத்தில் அது வேண்டாம்.

படி 3: பூட்டிய அளவு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

என்னை அதிகம் சுற்றவிட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தோளைப் பிடிக்கும் ட்ரிம்மரை 1.750க்கு அமைத்து, திருகை இறுக்கி, ஒரே பெட்டி கேஸ்களைத் தள்ளுகிறோம். முதல் சில கேஸ்கள் 1.750. போகப் போக 1.752, 1.754. திருகு நகரவில்லை, பிளேடு நகரவில்லை.

ட்ரிம்மரைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காரணம் தெரியும். தோள் போய் முட்டும் அந்தச் சரிவில், தலைமுடியைவிட மெல்லிய பித்தளைச் சீவல்கள் வட்டமாகப் படிந்து, அழுந்தி, பளபளவென்று ஒரு வளையமாகவே ஆகியிருக்கும். கேஸ் இப்போது முட்டுவது இரும்பில் இல்லை, அந்தச் சீவல் படலத்தில். படலத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு கேஸ் நீளமாக நிற்கும். சைசிங் லூப்ரிகண்ட் சரியாகத் துடைக்காத கேஸ்கள்தான் இதற்கு மூலம். பிசுபிசுப்பு இருந்தால் சீவல் உதிராது, ஒட்டும். கேஸை நன்றாகத் துடைத்துவிட்டு, இருபது முப்பது கேஸுக்கு ஒருமுறை டிரில்லை நிறுத்தி, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துவிட்டால் அளவு திரும்ப இடத்துக்கு வந்துவிடும்.

சுத்தம் செய்தும் அளவு ஆடினால் சைசிங்கைப் பாருங்கள். தோளிலிருந்து வாய் வரை ட்ரிம்மர் சரியாகவே வெட்டியிருக்கும், அடியிலிருந்து தோள் வரையுள்ள தூரம்தான் கேஸுக்குக் கேஸ் மாறியிருக்கும். வெர்னியர் இரண்டையும் கூட்டித்தான் காட்டுகிறது. பலமுறை சுட்ட பித்தளை கடினமாகி, டையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். புதிய பித்தளை அவ்வளவு நிமிராது. இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்தால் அளவு ஆடத்தான் செய்யும். கம்பெனி முத்திரை வாரியாகவும் சுட்ட தடவை வாரியாகவும் பிரித்து வையுங்கள். தோள் நிலையை அளக்கும் கம்பாரேட்டர் ஒன்றை வெர்னியரில் மாட்டிப் பார்த்தால் எந்தப் பாதியில் பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

ரிம்மைப் பிடிக்கும் ரகத்திலும் அளவு ஆடும், காரணம்தான் வேறு. செமி ஆட்டோ ரைபிள் கேஸை வீசும்போது ரிம்மில் சின்ன நசுங்கல் விழும், கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் குத்திய இடத்தில் அடியில் மேடு எழும்பும். அந்த மேட்டின் மேல் கேஸ் உட்கார்ந்தால் வெட்டும் கோணலாகும். காலெட் இறுகும்போது ரிம்மின் விட்டத்தைப் பொறுத்துக் கேஸ் முன்னும் பின்னும் நகரும். ஒவ்வொன்றையும் ஒரே விசையோடு இறுக்குங்கள், மேட்டை ஓர் அரத்தால் தட்டையாக்கிவிடுங்கள்.

அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு ஆடுவதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அதிகபட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் வேட்டைக்கும் ரேஞ்சுக்கும் அது போதும்.

படி 4: அமைப்பதும் வெட்டுவதும்

எப்போதும் நீளமான பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பிளேடு கேஸ் வாயை லேசாகத் தொடும் நிலையில் வைத்து, ஒரு கேஸை வெட்டி, அளந்து, திருகை நகர்த்தி, மறுபடி வெட்டி அளவுக்கு வாருங்கள். அளவு பிடிபட்டதும் அந்தக் கேஸின் மேல் மார்க்கரால் எழுதித் தனியாக வைத்துவிடுங்கள். அடுத்த தடவை அந்த மாதிரிக் கேஸை வைத்தே கருவியை அமைத்துவிடலாம். வெட்டும்போது கேஸை லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் வாய் கோணல் இல்லாமல் நேராக வரும்.

கண்ணாடி கட்டாயம் போடுங்கள். டிரில் வேகத்தில் சீவல் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. சுட்ட கேஸில் ஈயத் தூசி இருக்கும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் போகாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சீவலைத் துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிட வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

படி 5: பிசிறு நீக்குவது

வெட்டிய வாயில் விரலை வைத்தால் ரம்பம் போல் உறுத்தும். உள்பக்கம் அப்படியே விட்டால் குண்டை உட்கார வைக்கும்போது அதன் தாமிர உறையைச் சுரண்டிவிடும். உள் விளிம்பைச் சரிவாக்க ஒரு சாம்ஃபர், வெளிப் பிசிறை எடுக்க ஒரு டீபர், லேசாக இரண்டு சுற்று. கத்தி முனை வரும்வரை சுரண்டக் கூடாது. நீண்ட கூர்குண்டு பயன்படுத்தினால் சரிவு குறைந்த விஎல்டி சாம்ஃபர் வாங்குங்கள்.

பலரும் மறப்பது இந்த வேலைக்கு ஆகும் நேரத்தை. ட்ரிம் செய்ய ஐந்து வினாடி ஆகும் கருவியை வாங்கிவிட்டு, கையால் பிசிறு நீக்க இருபது வினாடி செலவழித்தால் வேகமான ட்ரிம்மரால் லாபம் குறைவு. ஃபார்ஸ்டரில் மூன்று வேலையையும் சேர்த்துச் செய்யும் கட்டர் தனியாகக் கிடைக்கிறது, நிறைய கேஸ் செய்கிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளை இங்கே சேர்க்கிறேன்.

ஒருவருக்கு லீ கேஜின் ஊசி 6.5 கிரீட்மூர் கேஸின் அடியில் நுழையவில்லை. சின்ன ரைபிள் பிரைமர் போடும் கேஸா என்று பாருங்கள். லபுவா நிறுவனத்தின் 6.5 கிரீட்மூர் கேஸில் பிளாஷ் ஹோல் 1.5 மில்லிமீட்டர்தான். அந்தத் துளையைப் பெரிதாக்க வேண்டாம், அந்தப் பித்தளைக்கு லேத் ரகமோ தோளைப் பிடிக்கும் ரகமோ பயன்படுத்துங்கள். பிரைமர் தட்டும் ஊசியும் மெல்லியதாக இருக்கிறதா என்று அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், தடித்தது மாட்டிக்கொண்டு உடையும்.

இன்னொருவர், ஒரு கேஸை எத்தனை முறை ட்ரிம் செய்யலாம் என்று கேட்டார். எண்ணிக்கை வைத்துச் சொல்ல முடியாது. முன்னால் வந்து நீங்கள் வெட்டிப் போடும் பித்தளை பின்னாலிருந்துதான் வருகிறது, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே போகும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையைச் சின்ன கொக்கியாக வளைத்து, கேஸுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே சுவரோடு இழுத்துப் பாருங்கள். அடிக்கு மேலே ஓரிடத்தில் கொக்கி பள்ளத்தில் விழுந்து தட்டினால், வெளியே அதே இடத்தில் வெளிறிய வளையம் தெரிந்தால், அந்தக் கேஸ் அடுத்த முறை இரண்டாகப் பிரியக்கூடும். வாயை இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போட்டுவிடுங்கள், நல்ல கேஸ்களோடு கலந்துவிடாது.