ஹெச்.எஸ். கோடு போடும் முன் சரக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டி கொல்லம் வரை அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, வைத்திருப்பவர்களிடம் ஹெச்.எஸ். கோடு (எந்தச் சரக்குக்கு என்ன சுங்க வரி என்று தீர்மானிக்கும் எண்) பற்றிக் கேட்டால், பாதிப் பேர் "அதெல்லாம் கஸ்டம்ஸ் ஏஜென்ட் பார்த்துக்குவார்" என்பார்கள். பார்ப்பார்தான். ஆனால் 2011 முதல் சுய மதிப்பீடு (வரியை இறக்குமதி செய்பவரே கணக்கிட வேண்டும்) என்பதால், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் தப்பான கோடு போனால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். குறைவாகக் கட்டிய வரியை 2 வருஷம் வரை கேட்கலாம், வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் 5 வருஷம்.

கோட்டின் முதல் 6 இலக்கம் 1988 முதல் உலகத்துக்கே பொது. கடைசி 2 இலக்கம் நம் நாட்டுடையது. அதனால் சீனாக்காரர் இன்வாய்ஸில் 10 இலக்கம் போட்டிருந்தால் அதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். முதல் ஆறையும் கூட நீங்களே ஒரு தடவை சரி பாருங்கள், அவருக்கும் தப்பு வரும்.

சரக்கு துறைமுகத்தில் வந்து இறங்கும்போது என்ன நிலையில் இருக்கிறதோ அதற்குத்தான் கோடு. நீங்கள் பின்னால் அதை என்ன செய்யப்போகிறீர்கள் என்பது பெரும்பாலும் கணக்கில் வராது. தான்சானியாவிலிருந்து வரும் தோட்டண்டி (ஓட்டோடு இருக்கும் முந்திரிக் கொட்டை) 0801 31. ஓடு நீக்கிய பருப்பு 0801 32. சரி, போர்மாவில் (சூடான உலர்த்தும் அறையில்) காய வைத்த பருப்பு? அதுவும் சூடு பட்டதுதானே என்று குழம்புவார்கள். சுங்க வரிப் பட்டியலின் 8ஆம் அத்தியாயக் குறிப்பிலேயே பதில் இருக்கிறது: கெடாமல் இருக்க மிதமாகச் சூடு காட்டினாலும் உலர் பருப்பின் தன்மை மாறாதவரை அது 0801தான். எண்ணெயிலோ சட்டியிலோ வறுத்து உப்பு போட்டுவிட்டால் 2008 19 என்ற கோட்டுக்குப் போய்விடும். 0801ல் வரும் முழுப் பருப்பு கிலோ 720 ரூபாய்க்குக் கீழே வரக்கூடாது என்று 2019ல் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) விலை கட்டியது. அப்படியிருக்க வெறும் பருப்பை "வறுத்தது" என்று 2008 தலைப்புக்குள் தள்ளினால் அதிகாரி என்ன நினைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாம்பிள் நேரே லேபுக்குப் போகும்.

அத்தியாயத் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது வெறும் வழிகாட்டிப் பலகை. நாலு இலக்கத் தலைப்பின் வாசகமும், பிரிவுக் குறிப்பும் அத்தியாயக் குறிப்பும்தான் சட்டம். பலரும் குறிப்பைப் படிக்காமல் தாண்டுகிறார்கள், அடி விழுவதும் அங்கேதான். குழித்துறைப் பக்கம் என் நண்பர் ஒருவர் தோடு உடைக்கும் மெஷின் இறக்கினார், கூடவே இரண்டு வருஷத்துக்குத் தேவையான ரப்பர் கன்வேயர் பெல்ட், பிளேடு, போல்ட் எல்லாம் தனித்தனி விலையோடு. மொத்தத்துக்கும் 8438 60 என்று ஒரே கோடு. பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மெஷினிலேயே மாட்டி வந்த பெல்ட் மெஷினோடு போகும், ஆனால் தனியாக வரும் ரப்பர் பெல்ட்டை 16ஆம் பிரிவின் முதல் குறிப்பே வெளியே தள்ளி 4010க்கு அனுப்புகிறது. பிளேடு 8208. சாதாரண இரும்பு போல்ட் 7318. வித்தியாச வரி கொஞ்சம்தான், கன்டெய்னர் வாடகைதான் அவரைச் சாகடித்தது.

இரண்டு தலைப்பும் பொருந்துகிற மாதிரி இருந்தால் எது குறிப்பாகச் சொல்கிறதோ அது. அதிலும் தீராத கலவை, செட் மாதிரியான சரக்கென்றால் அதற்கு உயிர் கொடுக்கும் பொருள் எது என்று பாருங்கள். அதுவும் பிடிபடவில்லையென்றால் எண் வரிசையில் கடைசியாக வருவது. இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும், வரி குறைவானதிலிருந்து தொடங்கக் கூடாது!

எட்டு இலக்கமும் கிடைத்த பிறகு அதே கோட்டை டிஜிஎஃப்டி பட்டியலில் போட்டு, தாராளமா, கட்டுப்பாடா, குறைந்தபட்ச விலை உண்டா என்று பார்த்துவிடுங்கள். தின்கிற பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதியும் வேண்டும்.

பெரிய தொகை, கோடும் இழுபறி என்றால் டெல்லியிலோ மும்பையிலோ இருக்கும் முன்தீர்ப்பு ஆணையத்தில் (கோடு எது என்று முன்கூட்டியே தீர்மானித்துத் தரும் இடம்) மனு போடலாம். அந்தத் தீர்ப்பு சில வருஷத்துக்கு உங்களையும் கஸ்டம்ஸையும் கட்டுப்படுத்தும். ஆனால் சரக்கு கப்பல் ஏறிய பிறகு ஓடினால் பிரயோஜனமில்லை, ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே போடுங்கள். மனுவோடு கேட்டலாக், போட்டோ, எப்படிச் செய்தது என்ற விவரம் எல்லாம் வையுங்கள். அதே ஃபைலின் ஒரு காப்பி ஏஜென்ட் கையிலும் இருக்கட்டும்.