கட்சித் தலைவரைப் பற்றி எழுதப் போகிறீர்களா? முதலில் நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்

ஒரு மாநிலக் கட்சித் தலைவரின் அரசியல் வாழ்க்கையை எழுத உட்காருகிற பலர் பிறந்த ஊர், முதல் மேடை, பட்டப்பெயர் என்று ஆரம்பித்து, நாலாவது பத்தியில் சுவரொட்டி வாசகம் மாதிரி ஆகிவிடுகிறார்கள். தேர்தல் கணக்கிலிருந்து ஆரம்பித்தால் அந்த வம்பு இல்லை. நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: வருஷம், எத்தனை தொகுதியில் நின்றார்கள், எத்தனை ஜெயித்தார்கள், மாநில அளவில் எத்தனை சதவீதம். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது, இலவசம்தான், இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது கட்டத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஏன் என்பதற்கு விஜயகாந்தை எடுத்துக்கொள்வோம்.

2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிக தொடங்கியது. 2006 சட்டமன்றத் தேர்தலில் 232 தொகுதிகளில் தனியாக நின்று விருத்தாசலத்தில் அவர் ஒருவர்தான் ஜெயித்தார், ஆனால் வாக்கு 8 சதவீதத்துக்கு மேல். 2009 மக்களவைத் தேர்தலிலும் தனியாகத்தான், இடம் ஒன்றும் இல்லை, வாக்கு சுமார் 10 சதவீதம். 2011-இல் அதிமுக கூட்டணியில் 41 இடம் வாங்கி 29 ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். இடத்தை மட்டும் பார்க்கிறவர் இதுதான் உச்சம் என்று எழுதிவிடுவார். சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர், 8-க்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டதே, சரிவு தொடங்கிவிட்டது என்பார். இரண்டுமே அரைகுறை. 232 இடத்தில் சிதறி வாங்கிய வாக்கும், 41 இடத்தில் கூட்டணிக் கட்சியின் வாக்கோடு சேர்ந்து விழுந்த வாக்கும் ஒரே தராசில் நிற்காது. நின்ற இடங்களின் எண்ணிக்கை பக்கத்திலேயே இருந்தால்தான் இது கண்ணில் படும்.

அப்புறம் 2016. மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளர், 104 இடங்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, வாக்கு இரண்டரை சதவீதத்தைக் கூடத் தொடவில்லை, உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. (பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். "படுதோல்வி" என்று எழுதுவதைவிட இதை எழுதுங்கள், வாசகருக்கு அளவு புரியும்.) இந்த முறை 41-இலிருந்து 104-க்குப் போயும் வாக்கு விழுந்திருக்கிறது. இதைச் சரிவு என்று தைரியமாக எழுதலாம்.

கட்டம் நிரம்பியதும் இடைவெளிகளைத் தோண்டுங்கள், கதை அங்கேதான் இருக்கிறது. 2011-க்கும் 2016-க்கும் நடுவில் என்ன ஆயிற்று? யாரைக் கேட்டாலும் 2012 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நடந்த மோதலைச் சொல்வார்கள், அவர் விரலை நீட்டிப் பேசிய காட்சி எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளாட்சித் தேர்தலையும் பாருங்கள்: 2011 அக்டோபரிலேயே அதிமுகவும் தேமுதிகவும் தனித்தனியாகத்தான் நின்றன. ஆக, கூட்டணி அவையில் உடையவில்லை, உடைந்தது அவையில் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு எம்எல்ஏக்கள் சிலர் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள், 2016 பிப்ரவரியில் எட்டுப் பேர் பதவி விலகியதும் எதிர்க்கட்சித் தலைவர் என்ற தகுதியும் போயிற்று.

உள்ளாட்சித் தேர்தலை நம்மில் பலர் மதிப்பதே இல்லை. ஒரு தலைவர் எங்கே வேர் விட்டார் என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும். தேமுதிக பிறக்கும் முன்பே, 2001 உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய ரசிகர் மன்றத்தினர் நின்று சில இடங்களில் ஜெயித்தார்கள். அப்படியானால் அரசியல் வாழ்க்கை 2005-இல் ஆரம்பித்தது என்று எழுதுவது சரியா? நான் எழுத மாட்டேன்.

சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் வேட்புமனுவோடு கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் இருக்கும். ஒரு தேர்தலின் பத்திரத்தை மட்டும் பார்க்காமல் அடுத்தடுத்த இரண்டை ஒப்பிடுங்கள். சட்டமன்றப் பேச்சுக்கு அவைக் குறிப்புகளைப் பாருங்கள், தொலைக்காட்சித் துணுக்கை நம்பாதீர்கள், வெட்டித்தான் போடுவார்கள்.

கடைசியாக ஆட்களைத் தேடிப் போங்கள். மேடையில் நிற்கும் மாவட்டச் செயலாளர் மனப்பாடமாக ஒப்பிப்பார், கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியவர், கட்சி தொடங்கியபோது கைக்காசைப் போட்டுக் கொடி கட்டிவிட்டு இப்போது வீட்டில் இருக்கும் பழைய ஒன்றியச் செயலாளர். அவரிடம் "ஏன் விலகினீர்கள்" என்று கேட்காதீர்கள், ஒரு மணி நேரம் புலம்புவார். "எந்த வருஷம் வெளியே வந்தீர்கள்" என்று கேளுங்கள். பத்துப் பேரிடம் கேட்டு, அந்த வருஷங்களை நோட்டில் ஐந்தாவது கட்டமாகப் போட்டுக்கொண்டு, அப்புறம் முதல் வரியை எழுதுங்கள்.